திம்பம் மலையில் டயர் போனால்?

கேள்வி: நான் கோவையில் சிறிய ஃபவுண்டரி நடத்துகிறேன். வயது 38. போன வருடம் 2012 மாடல் பி.எம்.டபிள்யூ. இசட்4 (35ஐ) ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். 18 அங்குல ரிம், நான்கும் ரன்ஃபிளாட் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய) டயர். பட்டன் (தரையில் படும் ரப்பர் வரி) நன்றாகவே இருக்கிறது. ஆனால் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முதுகில் அடிக்கிறது. ரோட்டில் கோடு பிடித்து ஒரு பக்கம் இழுக்கிறது. வழக்கமாகப் போகும் கடையில், ரன்ஃபிளாட்டுக்கு அதிகக் காற்று வேண்டும் என்று நான்கிலும் 40 பி.எஸ்.ஐ. வைக்கிறார்கள். டயரின் தேதி எண் 3417. கார் நண்பர்கள் எல்லோரும் "அதைக் கழற்றி வீசிவிட்டுச் சாதா டயர் போடு, வண்டியே வேற மாதிரி ஆயிடும்" என்கிறார்கள். வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. மாதம் ஒருமுறை அம்மாவை அழைத்துக்கொண்டு சத்தி, திம்பம் வழியாக மைசூரில் சித்தி வீட்டுக்குப் போய் வருவேன். அம்மாவுக்கு 67 வயது, முதுகுவலி உண்டு. ஆனாலும் ஆசனூர் தாண்டியதும் கூரையைத் திறந்துகொண்டு போவது அவருக்கு அவ்வளவு பிடிக்கும். இன்னோவாவில் வரமாட்டேன் என்கிறார். வருடத்தில் இரண்டு முறை கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டுவேன். எந்த டயர் போடலாம்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பேனாவை எடுத்து நான் முதலில் வட்டம் போட்டது அந்த நான்கு இலக்க எண்ணைத்தான். 3417 என்றால் 2017-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரத்தில் தயாரான டயர். எட்டு வயது தாண்டிவிட்டது. பட்டன் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள், இருக்கும். இந்த மாதிரி வண்டிகள் வாரத்தில் ஆறு நாள் கவர் போட்டு நிற்பவை, பட்டன் எங்கே தேயும்? ஆனால் நின்றாலும் ஓடினாலும் ரப்பருக்கு வயதாகிறது. நம் ஊர் வெயிலில் கொஞ்சம் சீக்கிரமாகவே ஆகிறது. ஆறு வருடத்துக்கு மேல் எந்த டயரையும் வைத்திருக்க வேண்டாம் என்பது பி.எம்.டபிள்யூ. கையேட்டிலேயே இருக்கும் அறிவுரை. பட்டன் ஓரத்தில் விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். புது டயரில் கொஞ்சமாவது பதியும். உங்களுடையதில் மேசை ஓரத்தில் அழுத்துவதுபோல இருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வட்டம் 40 பி.எஸ்.ஐ. மீது. ரன்ஃபிளாட்டுக்கு அதிகக் காற்று வேண்டும் என்பது டயர் கடைகளில் பல வருடமாக உலவும் ஒரு நம்பிக்கை. அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, எத்தனை பேர் உட்கார்ந்தால் எவ்வளவு என்று அதில் அச்சிட்டிருப்பதுதான் கணக்கு. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பங்க் வரை ஓட்டிப் போய் அளந்தால் சூட்டில் எண் ஏறியிருக்கும். ஏற்கெனவே கல்லாய்ப்போன டயரில் தேவைக்கு மேல் காற்றையும் அடைத்தால் அம்மாவின் முதுகு எப்படித் தாங்கும்? (நைட்ரஜன் போட்டால் மென்மையாகும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.)

மூன்றாவது, நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்று: ஷாக் அப்சார்பர். 2012 வண்டி. இதுவரை மாற்றிய பில் கையில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோடு பிடித்து இழுப்பதற்கு அலைன்மென்ட் ஒரு காரணமாக இருக்கலாம், சஸ்பென்ஷன் மூட்டில் தேய்ந்த ரப்பர் புஷ் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த மூன்றையும் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "சாதா டயர் போட்டேன், வண்டியே வேற மாதிரி ஆயிடுச்சு" என்று சொல்பவர்களில் பலர் கழற்றியது ஐந்தாறு வருடப் பழைய ரன்ஃபிளாட், போட்டது அந்த மாதமே வாங்கிய புது டயர். அவர்கள் ஒப்பிடுவது ரன்ஃபிளாட்டையும் சாதா டயரையும் இல்லை, கிழட்டு டயரையும் புது டயரையும். எனவே ஒரு பைசா செலவில்லாமல் நாளை காலையே ஒன்று செய்யுங்கள். ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றை இறக்கிவிட்டு அவிநாசி ரோட்டில் ஒரு சுற்று போய் வாருங்கள். நீங்கள் சொன்ன வலியில் ஒரு பங்கு அங்கேயே குறையும்.

சரி, நண்பர்கள் சொல்வதில் உண்மையே இல்லையா என்றால், இருக்கிறது.

சாதா டயரில் வண்டியின் எடையைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே இருக்கும் காற்று. சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர், அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் தோல், அவ்வளவுதான். காற்று போனால் தோல் மடங்கி ரிம் தரையில் உட்காரும். ரன்ஃபிளாட்டில் அந்த சைடுவாலுக்கு உள்பக்கம், சூட்டைத் தாங்கும் கெட்டி ரப்பரைத் தடிமனாக வைத்திருப்பார்கள். காற்று முழுவதும் போனாலும் அந்தச் சுவரே தூண் மாதிரி நின்று வண்டியைத் தாங்கும். பெரும்பாலான ரன்ஃபிளாட்டுக்குச் சொல்லப்படும் கணக்கு: காற்றே இல்லாமல், மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல், 80 கி.மீ. தூரம்.

அந்தத் தூணுக்கு நாம் கொடுக்கும் விலைதான் நீங்கள் முதுகில் உணர்வது. அவசரத்துக்காக வைத்த தூண் அவசரம் இல்லாத நாளிலும் அங்கேயேதான் நிற்கும். பள்ளத்தில் இறங்கும்போது சாதா டயரின் சைடுவால் குழைந்து அடியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். ரன்ஃபிளாட் விழுங்காது, அப்படியே ரிம்முக்கும் ஷாக்குக்கும் அனுப்பிவிடும். அதனால்தான் 19 அங்குல ரிம்மும் ரன்ஃபிளாட்டும் சேர்ந்த வண்டிகளில் ரிம் விரிசல் விடுவதை அதிகம் பார்க்கிறோம். விரிசல் பெரும்பாலும் உள்பக்க விளிம்பில் இருக்கும், வெளியே நின்று பார்த்தால் தெரியாது. 18-ஓடு நிறுத்தியிருக்கிறீர்கள், புண்ணியம். உங்கள் வண்டிக்கு முன்னால் 225/40, பின்னால் 255/35. இதுவே மெல்லிய சைடுவால்தான். பார்க்க அழகாக இருக்கிறது என்று இன்னும் ஓர் அங்குலம் ஏற்றிவிடாதீர்கள்.

எடையும் உண்டு. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒன்றிரண்டு கிலோ கூடும். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை என்பதால் அந்த ஒன்றிரண்டு கிலோ தன் அளவுக்கு மீறித் தொந்தரவு செய்யும். ஸ்டீயரிங் உணர்வும் மாறும். ரன்ஃபிளாட் வளைவில் திருப்பியவுடன் வெடுக்கென்று திரும்பும், ஆனால் சாலை என்ன சொல்கிறது என்பதைக் கைக்குச் சரியாகச் சொல்லாது. நல்ல ஸ்போர்ட்ஸ் சாதா டயர் அரைக்கணம் தாமதித்துத் திரும்பும், ஆனால் பிடி எப்போது விடப்போகிறது என்பதை முன்கூட்டியே விரலுக்குச் சொல்லிவிடும். வேகமாக ஓட்டுபவர்கள் ரன்ஃபிளாட்டை வெறுப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். குலுக்கல் இரண்டாம்பட்சம்.

போர்ஷே 911 ஸ்டெப்னி இல்லாமல்தான் வருகிறது, ஆனால் சாதா டயர்தான்; கூடவே பஞ்சர் திரவமும் சிறிய கம்ப்ரஸரும் கொடுத்துவிடுகிறார்கள். ரன்ஃபிளாட்டை ஊர் உலகத்துக்குப் பழக்கிய பி.எம்.டபிள்யூ.வே தன் எம்3 மாதிரியான எம் வண்டிகளுக்குச் சாதா டயரைத்தான் போட்டது. உங்கள் காருக்கு அடுத்த தலைமுறை இசட்4-ஓடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்ளும் டொயோட்டா சுப்ராவும் சாதா டயரில்தான் ஓடுகிறது. மறுபக்கமும் சொல்லிவிட வேண்டும். 1997-இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஷெவர்லே கார்வெட் ரன்ஃபிளாட்டோடு, ஸ்டெப்னியே இல்லாமல் வந்தது. அதை ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று யாரும் சொன்னதில்லை.

உங்கள் இசட்4-க்கு ஏன் ரன்ஃபிளாட் வந்தது என்பதை டிக்கியைத் திறந்தாலே புரிந்துகொள்ளலாம். கூரை மூடியிருக்கும்போது 310 லிட்டர் இடம். அந்த அலுமினியக் கூரை மடிந்து உள்ளே வந்து படுத்துக்கொண்டால் மிஞ்சுவது 180 லிட்டர். அதில் ஸ்டெப்னி எங்கே வைப்பது? வைத்தாலும் முன் சக்கரம் ஓர் அகலம், பின் சக்கரம் வேறு அகலம். ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஒழுங்காகப் பொருந்தாது. சக்கரத்தைக் கழற்றினால் சேறோடு இருக்கும் அந்தப் பெரிய பின் சக்கரத்தை வைக்க மிஞ்சியிருப்பது அம்மாவின் மடிதான்.

ஆகவே உங்கள் முன்னால் இருக்கும் தேர்வு இரண்டு. ஒன்று, ரன்ஃபிளாட். இன்னொன்று, சாதா டயரும் பஞ்சர் கிட்டும். கிட் என்றால் ஒரு பாட்டில் திரவம், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் கம்ப்ரஸர். இதை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். டயர் காற்றைக் கண்காணிக்கும் அமைப்பும் ரிப்பேர் கிட்டும் இருந்தால் ட்யூப்லெஸ் டயர் வண்டிக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் மத்திய அரசே மோட்டார் வாகன விதியைத் திருத்திவிட்டது.

என் கடைக்கு வரும் பஞ்சர்களை மூன்றாகப் பிரிப்பேன். பெரும்பாலானவை பட்டன் பகுதியில் ஆணியோ ஸ்க்ரூவோ ஏறி மெதுவாகக் காற்று போவது. இதற்குத் திரவம்கூட வேண்டாம், ஆணியைப் பிடுங்காமல் கம்ப்ரஸரால் காற்று ஏற்றிக்கொண்டே வீடு வந்து சேரலாம். அடுத்தது பட்டனில் கொஞ்சம் பெரிய ஓட்டை. ஆறு மில்லிமீட்டர் வரை திரவம் சமாளிக்கும். மூன்றாவதுதான் வில்லன்: சைடுவால் கிழிவது. சாலை ஓரத்தில் உடைந்த தார் விளிம்பு, கூர்மையான கல், தண்ணீர் நிறைந்து ஆழம் தெரியாத பள்ளம். இதில் திரவம் உள்ளே போகிற வேகத்திலேயே வெளியே ஒழுகும். சாதா டயர் என்றால் வண்டி அங்கேயே நிற்கும். ரன்ஃபிளாட் என்றால் அநேகமாக நகரும். அநேகமாக என்றுதான் சொல்கிறேன். சுவரே பிளந்துபோனால் ரன்ஃபிளாட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது வகை அடிக்கடி வருவதில்லை. கோவைக்குள் வந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. டோயிங் வண்டியைக் கூப்பிட்டுவிட்டு எதிரே உள்ள பேக்கரியில் ஒரு டீ குடித்துக்கொண்டு நிற்கலாம். சேலம் பைபாஸில் வந்தாலும் அப்படித்தான், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே.

ஆனால் நீங்கள் போவது திம்பம். பண்ணாரி செக்போஸ்ட் தாண்டி 27 கொண்டை ஊசி வளைவு. 2013 முதல் புலிகள் காப்பகம். இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உள்ள சாலை. மேலே காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக யானை காத்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். செல்போன் சிக்னல் வரும், போகும். இவ்வளவு தாழ்ந்த வண்டியைக் கயிறு கட்டி இழுக்க முடியாது, அப்படியே தூக்கி ஏற்றும் படுக்கை லாரிதான் வேண்டும். அது சத்தியிலிருந்தோ கோவையிலிருந்தோ கிளம்பி அந்த 27 வளைவும் ஏறி வர வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மைசூரிலிருந்து திரும்பும் வழியில், பன்னிரண்டாவது வளைவில், உள்பக்கக் கல்லில் பின் டயர் சைடுவால் கிழிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 67 வயது அம்மாவும் நீங்களும் இரண்டு சீட் வண்டியில். கூரையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், சரி. எத்தனை மணி நேரம்?

டயர் கேட்டு வருபவர்களிடம் நான் ரோடு பிடி, சொகுசு, விலை எல்லாம் கேட்பதற்கு முன் கேட்பது இதைத்தான்: நீங்கள் வழக்கமாக ஓட்டும் சாலைகளில் வண்டி நிற்கக்கூடாத இடம் எது, அங்கே உங்களோடு யார் இருப்பார்கள்? பலருக்கு அப்படி ஓர் இடமே இருக்காது. அவர்களுக்கு யோசிக்காமல் சாதா டயர் எழுதிக்கொடுத்துவிடுவேன். என் சொந்த வண்டியாக இருந்தாலும் சாதா டயர்தான், மறைக்கவில்லை. உங்களுக்கு அப்படி ஓர் இடம் இருக்கிறது, மாதத்துக்கு இரண்டு முறை அதைக் கடக்கிறீர்கள். அதனால் உங்களுக்கு என் பதில் ரன்ஃபிளாட். ஆனால் இப்போது மாட்டியிருக்கும் நான்கும் இல்லை. புதிது, இன்றைய தலைமுறை, நான்கும் ஒரே நிறுவனம், ஒரே மாடல்.

இன்றைய தலைமுறை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் வந்த ரன்ஃபிளாட்டுக்கும் இப்போது வருவதற்கும் நிறைய வித்தியாசம். பழையதில் சைடுவால் முழுக்கப் பலகை. பிறகு ரப்பர் கலவை மாறியது, சுவர் கொஞ்சம் மெலிந்தது. காற்றில்லாமல் ஓடும்போது ஏறும் சூட்டைத் தணிக்க, பிரிட்ஜ்ஸ்டோன் தன் மூன்றாம் தலைமுறையில் சைடுவாலுக்கு வெளியே மீன் செதில்போல் சிறு துடுப்புகளையே வைத்தது. சூடு குறைந்தால் சுவரை அவ்வளவு தடிமனாக வைக்க வேண்டியதில்லை. சாதா டயர் அளவுக்கு மென்மை வராது, அதை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் எட்டு வயதுப் பழைய டயரிலிருந்து, சரியான காற்றில் ஓடும் புது ரன்ஃபிளாட்டுக்கு மாறினாலே அம்மாவுக்குத் தெரியும். ஷாக்கையும் பார்த்துவிட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் டயர். ஷாக் ஆறு மாதம் பொறுக்கும்.

வாங்கும்போது எழுத்தைப் பாருங்கள். ரன்ஃபிளாட் என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் ஆர்.எஃப்.டி., மிஷலின் என்றால் இசட்.பி., கான்டினென்டல் என்றால் எஸ்.எஸ்.ஆர்., குட்இயர் என்றால் ஆர்.ஓ.எஃப்., பிரெல்லியில் சின்ன எழுத்தில் ஆர்-எஃப். ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் பி.எம்.டபிள்யூ. தன் வண்டிக்கென்று ஒப்புக்கொண்ட டயர். நட்சத்திரம் இல்லையென்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. 3.0 லிட்டர், 306 குதிரைத்திறன் வண்டி உங்களுடையது. வேகக் குறியீடு டபிள்யூ (270 கி.மீ.) அல்லது ஒய் (300 கி.மீ.) இருக்க வேண்டும், அதற்குக் கீழே இறங்கக்கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் வேண்டும். தேதி எண்ணை நீங்களே குனிந்து படியுங்கள். 2020 ஜூனிலிருந்து டயர் இறக்குமதிக்கு அரசு உரிமம் வேண்டும் என்று ஆனபிறகு இந்த மாதிரி அளவுகள் நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை. கிடைக்காத அளவு என்பதால் கோடவுனில் இரண்டு மூன்று வருடம் தூங்கிய டயரைப் புதிது என்று தள்ளிவிடுவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழசு என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாதம் ஒன்று காத்திருந்தாலும் பரவாயில்லை. அதுவரை அம்மாவை ரயிலில் அனுப்புங்கள், கோபித்துக்கொண்டாலும் சரி.

இரண்டு மட்டும் மாற்றலாமா, முன்னால் ரன்ஃபிளாட் பின்னால் சாதா வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கூடாது. வளைவில் ஒரு முனை ஒரு விதமாகவும் மறுமுனை வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். 27 வளைவு உள்ள சாலையில் அந்தச் சோதனை வேண்டாம்.

எந்தக் கடையில் போடுவது என்பதும் முக்கியம். என் அனுபவத்தையே சொல்கிறேன். என் கடைக்கு முதல்முறை ரன்ஃபிளாட் வந்தபோது, எல்லா டயரும் டயர்தானே என்று பழைய மெஷினில் ஏற்றினேன். அந்தச் சைடுவால் அசையவே இல்லை. இரண்டு பையன்கள் கம்பி போட்டு நெம்பியதில் ரிம் விளிம்பில் விரல் நீளக் கீறல். ரிம்முக்கு என் கையிலிருந்துதான் பணம் போனது. அதன்பிறகுதான் துணைக்கை உள்ள மெஷின் வாங்கினேன். நீங்கள் போகும் கடையில், சைடுவாலை அழுத்திப் பிடித்துக்கொடுக்கும் அந்தத் துணைக்கை இருக்கிறதா என்று பாருங்கள். கடப்பாரையோடு ஆள் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ரிம் உள்பக்கத்தில் ஈ.எச்.2 என்ற எழுத்து இருக்கிறதா என்றும் டயர் கழன்றிருக்கும்போது பார்த்துவிடுங்கள். காற்றில்லாமல் ஓடும்போது டயர் ரிம்மை விட்டு நழுவாமல் பிடிக்க, அந்த வகை ரிம்மில் ஒரு மேடு நீட்டி வைத்திருப்பார்கள். உங்களுக்கு முன் வைத்திருந்தவர் வெளியில் வாங்கிய ரிம் மாட்டியிருந்தால் அது இருக்காது. அப்போது ரன்ஃபிளாட் போட்டும் முழுப் பயன் இல்லை, எனக்கு மறுபடி எழுதுங்கள்.

போட்டு முடித்தவுடன் காற்று எச்சரிக்கையை ரீசெட் செய்ய வேண்டும். இதை ஏனோதானோ என்று விடாதீர்கள். சாதா டயரில் காற்று குறைந்தால் பார்த்தாலே தெரியும், ஓட்டினாலும் தெரியும். ரன்ஃபிளாட் காற்றே இல்லாவிட்டாலும் நிமிர்ந்துதான் நிற்கும். அந்த விளக்கு எரியாவிட்டால் 80 கி.மீ. கணக்கு எங்கே தொடங்கியது என்றே உங்களுக்குத் தெரியாது. பி.எம்.டபிள்யூ.வில் இந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் சக்கரத்துக்குள் சென்சார் கிடையாது. ஏ.பி.எஸ். சென்சாரை வைத்து, எந்தச் சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். ரீசெட் செய்தபின் கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் அது புது டயரைப் படித்துக்கொள்ளும். நான்கிலும் ஒரே அளவாகக் காற்று இறங்கினால் அதற்குத் தெரியாது. அதனால் மைசூர் போகும் நாள் காலையில் கையாலும் ஒருமுறை அளந்துவிடுங்கள். நல்ல கேஜ் ஒன்று சில நூறு ரூபாய்தான்.

விளக்கு எரிந்தால் என்ன செய்வது? பதற வேண்டாம். பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் வேகத்தைக் குறைத்து, 80-க்குக் கீழே, மலையில் என்றால் இன்னும் மெதுவாக, இறங்கி வாருங்கள். 80 கி.மீ. என்பதை உரிமையாக நினைக்காதீர்கள். சுமை, வெயில், வளைவு எல்லாம் அதைத் தின்னும். சத்திக்கும் கோவைக்கும் சுமார் 70 கி.மீ. இருக்கிறது. கணக்குப்படி வந்துவிடலாம் என்று தோன்றும். வர வேண்டாம். சத்தியில் நிறுத்திவிட்டு அங்கிருந்து படுக்கை லாரி சொல்லுங்கள். அம்மாவோடு டாக்ஸியில் வீடு போய்ச் சேருங்கள்.

அப்படிக் காற்றில்லாமல் ஓடிய டயரை ஒட்டிப் பயன்படுத்தலாமா என்று கேட்டால், என் கடையில் கிடையாது. வெளியே பார்க்க அப்பழுக்கில்லாமல் இருக்கும். கழற்றி உள்ளே கைவிட்டால் மிளகுத்தூள் கொட்டிவைத்த மாதிரி கறுப்பாக ரப்பர் தூள் வரும். அந்தத் தூண் அரைபட்ட தூள் அது. பட்டனின் நடுப்பகுதியில் ஆணி ஏறி, காற்று லேசாகக் குறைந்தபோதே கண்டுபிடித்து நிறுத்திவிட்டீர்கள், உள்ளே தூள் இல்லை, டயர் நிறுவனமும் ஒட்டக்கூடாது என்று சொல்லவில்லை என்றால் உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் போடலாம். வெளியிலிருந்து குத்தும் ஸ்ட்ரிப் இந்த வேக வண்டிக்கு வீடு வந்து சேரும்வரைக்கும்தான்.

கரி ஸ்பீட்வேக்கு இதற்காகத் தனி டயர் வேண்டாம். வருடம் இரண்டு முறைதானே. சில சுற்று ஓடியதும் உள்ளே வந்து ஆறவிடுங்கள். தடிமனான சைடுவால் சூட்டைச் சீக்கிரம் விடாது. நீங்கள் போட்டி நேரம் பார்த்து ஓட்டும் ஆளாக மாறினால், அன்று சாதா டயரோடு இரண்டாவது ரிம் செட் பற்றிப் பேசுவோம்.

ரன்ஃபிளாட் இருக்கிறதே என்று கம்ப்ரஸரை மட்டும் விட்டுவிடாதீர்கள். டிக்கியின் 180 லிட்டரில் அதற்கு ஒரு மூலை எப்போதும் உண்டு. மெதுவாகக் கசியும் ஆணிக்கு 80 கி.மீ. சலுகையைச் செலவழிக்க வேண்டியதில்லை, காற்று ஏற்றிக்கொண்டே வரலாம்.

அந்த ஆணி எங்கிருந்து வருகிறது என்று யோசித்தீர்களா? ஃபவுண்டரி வைத்திருக்கிறேன் என்கிறீர்கள். பீளமேடு, கணபதி பக்கத்துப் பட்டறைகளிலிருந்து என் கடைக்கு வரும் டயர்களில் பாதி, லேத் துருவல் ஏறியவை. சுருள் சுருளாக, ஊசி முனையோடு இருக்கும் அந்தத் துருவலுக்கு ரன்ஃபிளாட், சாதா என்ற பேதமெல்லாம் தெரியாது. இசட்4-ஐப் பட்டறை வாசலுக்குள் விடாதீர்கள், தெருவிலேயே நிறுத்துங்கள். வாசலைத் தினமும் ஒரு காந்தத் துடைப்பத்தால் பெருக்கச் சொன்னால் இன்னோவா டயருக்கும் நல்லது.

கழற்றும் பழைய நான்கையும் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று யாராவது கண்டிப்பாக வருவார்கள், பட்டன் அவ்வளவு நன்றாக இருக்கிறதே. கொடுப்பதென்றால் சைடுவாலில் கத்தியால் ஒரு கீறல் போட்டுவிட்டுக் கொடுங்கள். பாலிஷ் போட்டு, 3417-ஐ உரசி அழித்துவிட்டு, வேறொருவர் வண்டிக்கு அது போகக்கூடாது.